பட்டிங் மேம்பட: டர்பன் பக்கத்து ஆட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும், அதை ஒட்டிய சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பகுதிகளிலும் வார இறுதியில் கோல்ஃப் ஆடும் நம்மவர்கள் பயிற்சிக் கிரீனில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையே கிரீன். அதன் மேல் பந்தை உருட்டிக் குழியில் சேர்க்கும் அடியைப் பட் என்றும், அதற்கான மட்டையைப் பட்டர் என்றும் எழுதுகிறேன். தூரங்கள் எல்லாம் மீட்டரில் உள்ளன. ‘அடி’ என்று வரும் இடமெல்லாம் பந்தை அடிப்பதையே குறிக்கும். விளக்கங்கள் வலக்கை ஆட்டக்காரரை நினைத்து எழுதப்பட்டவை. இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

என் நெடுந்தூர அடியே இன்னும் சரியாகவில்லை. அதை விட்டுவிட்டுப் பட்டிங்குக்கு ஏன் நேரம் ஒதுக்க வேண்டும்?

பார் 72, அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் பதினெட்டுக் குழிகளையும் 72 அடிகளில் முடிக்க வேண்டும் என்று வகுக்கப்பட்ட மைதானத்தில், குழிக்கு இரண்டு பட் வீதம் 36 அடிகள் பட்டருக்கே கணக்கிடப்பட்டுள்ளன. அதாவது ஆட்டத்தில் சரிபாதி. இருநூற்றைம்பது மீட்டர் பறந்த அடியும் ஒரு மீட்டரில் தவறிய பட்டும் மதிப்பெண் அட்டையில் ஒன்று என்றே பதிவாகும். நம் நாட்டின் ஜெர்மிஸ்டனில் பிறந்த பாபி லாக் 1949, 1950, 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டனின் ஓபன் பட்டத்தை வென்றவர். அவருடைய பெயரை உலகம் இன்றும் சொல்வது முதன்மையாக அவருடைய பட்டிங்குக்காகத்தான். ஓங்கி அடிப்பது பார்வைக்கு, பட்டிங்தான் பணத்துக்கு என்ற பொருளில் அவர் பெயரோடு ஒரு வாசகமும் வழங்கி வருகிறது. மேலும், நெடுந்தூர அடிக்கு உடல் வலுவும் இளமையும் வேண்டும். பட்டிங்குக்கு அவை தேவையில்லை. அறுபது வயதைக் கடந்த ஒருவர் மூன்றே மாதத்தில் தெளிவாக முன்னேறக்கூடிய பகுதி இது ஒன்றுதான் என்பதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

பத்து மீட்டரிலிருந்து எனக்குப் பெரும்பாலும் மூன்று பட் ஆகிவிடுகிறது. பந்து உருள வேண்டிய கோட்டைச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லையா?

பெரும்பாலும் குறை கோட்டில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. அடுத்த முறை மூன்று பட் ஆனால், முதல் பந்து எங்கே நின்றது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இடமோ வலமோ அரை மீட்டர் விலகியிருக்கும். ஆனால் குழிக்கு முன்பாகவோ குழியைத் தாண்டியோ இரண்டு மீட்டர் தள்ளி நின்றிருக்கும். பக்கவாட்டில் அரை மீட்டர் விலகிய பந்தை அடுத்த அடியில் யாரும் போட்டுவிடலாம். இரண்டு மீட்டர் என்றால் தொழில்முறை வீரருக்கும் அது உறுதியில்லை.

வேகம் முடிவாகாமல் கோடு என்று ஒன்று கிடையாது என்பதே இந்தப் பக்கம் முழுவதற்கும் அடிப்படையாக நான் சொல்ல விரும்புவது. ஒரே சரிவில் மெதுவாக உருளும் பந்து அதிகம் வளையும், வேகமாக உருளும் பந்து குறைவாக வளையும். ஆகவே எவ்வளவு வேகத்தில் உருட்டப்போகிறோம் என்று முதலில் தீர்மானித்தவருக்கே எங்கே குறி வைப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் ஏறக்குறைய 43 மில்லிமீட்டர். மெல்ல வந்து சேரும் பந்து குழியின் ஓரத்தைத் தொட்டாலும் உள்ளே சரிந்து விழும். வேகமாக வரும் பந்துக்கு நடுப்பகுதி மட்டுமே குழி, ஓரம் அதைச் சுழற்றி வெளியே தள்ளிவிடும். எனவே வேகத்தைக் கூட்டக் கூட்ட நம் குழியை நாமே சிறிதாக்கிக்கொள்கிறோம். தவறினால் குழியைத் தாண்டி முப்பது நாற்பது சென்டிமீட்டரில் நிற்கும் வேகமே குட்டைப் பட்டுகளுக்குப் பொருத்தம்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளின் அளவீடுகளின்படி, அங்குள்ள வீரர்கள் பத்து மீட்டரிலிருந்து சராசரியாக இரண்டு அடிகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு மீட்டரிலிருந்து நூற்றுக்குப் பதினைந்து முறையளவில்தான் ஒரே அடியில் போடுகிறார்கள். எனவே பத்து மீட்டரில் நின்றுகொண்டு குழியில் போட்டே தீர வேண்டும் என்று பதறுவதற்கு நியாயமே இல்லை. குழியருகே கைக்கெட்டும் தூரத்தில் பந்தை நிறுத்தினால் அந்த அடி நல்ல அடி.

வேகத்தை எப்படிப் பழகுவது?

ஊஞ்சலைச் சிறிதாக ஆட்டினாலும் பெரிதாக ஆட்டினாலும் ஒருமுறை போய்வரும் நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பட்டரும் அப்படியே ஆட வேண்டும். தூரம் கூடினால் பின்னிழுப்பின் நீளம் கூடட்டும். தாளம் மாறக் கூடாது. பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை இதற்கு நேர்மாறானது: எல்லாத் தூரத்துக்கும் ஒரே அளவு பின்னிழுத்து, கடைசி நொடியில் மணிக்கட்டால் தட்டுவார்கள் அல்லது தயங்கி நிறுத்துவார்கள். அந்தத் தட்டலின் அளவு நாளுக்கு நாள் மாறும். பதற்றத்தில் இன்னும் மாறும்.

பயிற்சிக் கிரீனில் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மீட்டரில் ஒவ்வொரு டீயை, அதாவது பந்தை நிறுத்தி அடிக்க உதவும் சிறு முளையை, குத்தி வையுங்கள். குழியை மறந்துவிட்டு, ஒவ்வொரு டீயின் அருகிலும் பந்து நிற்கும்படி ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் அடியுங்கள். ஒரே தூரத்துக்கு அடுத்தடுத்து ஐந்து பந்துகளை அடிப்பதால் பயன் குறைவு, ஏனெனில் இரண்டாவது பந்து முதல் பந்தைப் பார்த்துத் திருத்திய அடியாகிவிடும். ஆட்டத்திலோ நமக்கு முதல் பந்து மட்டுமே உண்டு. இன்னொரு பயிற்சி: அடித்தவுடன் தலையைத் தூக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, பந்து குறைவாக நின்றதா, தாண்டியதா, சரியாக நின்றதா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகு பாருங்கள். முதல் வாரம் பாதிக்கு மேல் தவறாகச் சொல்வீர்கள். உங்கள் சொல்லும் பந்து நின்ற இடமும் ஒத்துப்போகத் தொடங்கும் நாளில் கைக்கு வேகம் பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

ஆட்டம் தொடங்கும் முன் பத்து நிமிடம் கிடைத்தால், அதையும் இந்தப் பயிற்சிக்கே கொடுங்கள். அன்றைய கிரீனின் வேகம் நேற்றையது அன்று.

மட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும்? இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தால் தவறா?

தவறே இல்லை. அதைச் சொல்ல டர்பனைவிடப் பொருத்தமான ஊரும் இல்லை. இங்கே சிறுவயதில் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளராக, வேலை பார்த்த பாப்வா செவ்கோலம், வழக்கத்துக்கு மாறாக இடக்கையை வலக்கைக்குக் கீழே வைத்தே எல்லா அடிகளையும் அடித்தார். அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓபனை வென்றார். 1963-இல் நேட்டால் ஓபனை வென்றார். 1965-இல் உலகப் புகழ்பெற்ற வீரர் கேரி பிளேயரையே பின்னுக்குத் தள்ளி அதை மீண்டும் வென்றார். 1963-இல் நிறவெறிச் சட்டங்களைக் காரணம் காட்டி அவரைக் கோல்ஃப் கிளப் கட்டடத்துக்குள் விடாமல், கொட்டும் மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தக் காட்சியை நம் பெரியவர்கள் இன்றும் மனம் நொந்துதான் சொல்வார்கள். ரிசர்வாயர் ஹில்ஸில் உம்கேனி ஆற்றங்கரை மைதானம் இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நெடுந்தூர அடிக்கு அந்தப் பிடியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பட்டிங்குக்கோ, இன்று உலகின் முன்னணி வீரர்கள் பலர் இடக்கையைக் கீழே வைத்தே பிடிக்கிறார்கள். வழக்கமான பிடியில் வலக்கை கீழே இருப்பதால் வலத்தோள் சற்றுத் தாழும், பந்தைத் தொடும் கணத்தில் இடமணிக்கட்டு மடங்கவும் இடமுண்டு. இடக்கை கீழே வந்தால் இரண்டு தோள்களும் சமமாகின்றன, இடமணிக்கட்டு நேராக நிற்கிறது. குட்டைப் பட்டுகள் இடப்பக்கமாகத் தவறிக்கொண்டே இருப்பவர்கள் இதை ஒரு மாதம் முயன்று பார்க்க வேண்டும். நீண்ட பட்டுகளில் முதலில் தூரம் தடுமாறும்; அது சில வாரங்களில் சீராகும். எந்தப் பிடியானாலும் இறுக்கம் கூடாது. கையில் ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்திருந்தால் எவ்வளவு அழுத்துவோமோ அவ்வளவே போதும்.

நிற்கும் நிலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கண்கள் பந்துக்கு நேர்மேலோ, சற்று உட்பக்கமாகவோ இருக்கட்டும். அப்படி இருக்கின்றனவா என்று அறிய, நின்ற நிலையில் மூக்குக்கு மேலிருந்து இன்னொரு பந்தை விழவிட்டுப் பாருங்கள். கீழே உள்ள பந்தின் மேலோ, அதற்கும் உங்கள் கால்களுக்கும் இடையிலோ விழுந்தால் சரி; அப்பால் விழுந்தால் அதிகம் குனிந்திருக்கிறீர்கள். பந்து நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் இருப்பது நல்லது. மற்றபடி கால்களின் அகலம், முழங்கையின் வளைவு ஆகியவற்றைப் பற்றி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை.

ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் பட்டுகளைக்கூடத் தவறவிடுகிறேன். ஏன்?

இங்கேதான் திசை முக்கியமாகிறது. நேரான மூன்று மீட்டர் பட்டில் மட்டையின் முகம் ஒரு பாகை அளவுக்குத் திரும்பியிருந்தாலே பந்து குழியின் ஓரத்துக்குப் போய்விடும். ஒரு மீட்டரில் மூன்று பாகை வரை பொறுக்கும். பந்து புறப்படும் திசையைப் பெருமளவு தீர்மானிப்பது, பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம் பார்த்திருக்கும் திசையே. மட்டை வந்த பாதைக்குப் பங்கு மிகச் சிறியது. ஆகவே பின்னிழுப்பு நேராக இருக்கிறதா, வளைகிறதா என்று கவலைப்படுவதைவிட, முகம் எங்கே பார்க்கிறது என்று கவலைப்படுவது பயன் தரும்.

அதற்கு நான் நம்பும் பயிற்சி ஒன்றுதான். பந்துக்கு முன்னால் முப்பது சென்டிமீட்டரில், பந்து மட்டும் நுழையும் இடைவெளியில் இரண்டு டீக்களை வாசல்போல் குத்துங்கள். ஒன்றரை மீட்டரில் சமதளமான இடமாகப் பார்த்து, வாசலைத் தொடாமல் பந்தை உள்ளே அனுப்புங்கள். இடப்பக்க டீயில் மோதினால் முகம் மூடியிருந்தது. வலப்பக்க டீயில் மோதினால் திறந்திருந்தது. வேறு யாரும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை, டீயே சொல்லிவிடும். தொடர்ந்து இருபது பந்துகள் போகும் வரை வீட்டுக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்ட ஓர் இளைஞர், முதல் நாள் இருட்டும் வரை அங்கேயே நின்றிருந்தார். இரண்டு மாதத்தில் அவருக்கு அது கால்மணி நேர வேலையாயிற்று.

தவறவிட்டதும் மனம் உடைய வேண்டாம் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது: ஏறக்குறைய இரண்டரை மீட்டரில் தொழில்முறை வீரர்களே பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள்.

இந்தக் கடற்கரை மைதானங்களில் பந்து எப்போதும் கடல் பக்கமே இழுக்கும் என்கிறார்களே, உண்மையா?

பந்துக்குக் கடல் இருக்கும் திசை தெரியாது. நிலம் பொதுவாகக் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் பல கிரீன்களில் அப்படி நடக்கிறது, அவ்வளவுதான். மழைநீர் எந்தப் பக்கமாக வடியும் என்று கேட்டுக்கொண்டு கிரீனுக்குள் நடந்து வந்தால், சரிவு பற்றிய பாதி விடை கிடைத்துவிடும். கிரீனுக்குள் நுழைந்த பிறகு பார்ப்பதைவிட, இருபது முப்பது மீட்டர் தள்ளி நடந்து வரும்போதே முழுச் சரிவு நன்றாகத் தெரியும். பள்ளமான பக்கத்தில் நின்று மேல்நோக்கிப் பார்ப்பது, மேட்டில் நின்று கீழே பார்ப்பதைவிடத் தெளிவு.

ஆனால் நம் பகுதியில் சரிவோடு இன்னொன்றும் சேர்கிறது: புல்லின் சாய்வு. வெப்பமான கடற்கரைப் பகுதியின் பல கிரீன்களில் வளர்வது பெர்முடா வகைப் புல். ஆஃப்ரிகான்ஸில் குவீக் என்று சொல்லும் சைனோடான் டாக்டிலான் வேறொன்றுமில்லை, நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான். கிரீன்களில் போடுவது பெரும்பாலும் அந்த அருகம்புல்லையும் டிரான்ஸ்வால் மண்ணுக்குரிய அதன் உறவுப் புல்லையும் கலந்து உருவாக்கிய குட்டை வகைகள். பூசைக்கு அருகு கிள்ளியவர்களுக்குத் தெரியும்: அது நேராக நிற்காது, தரையோடு படர்ந்து ஒரு பக்கமாக ஓடும். எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் அந்தக் குணம் போகாது. சாயும் திசையில் அடித்த பந்து கூடுதலாக ஓடும். எதிர்த்து அடித்த பந்து சீக்கிரம் நிற்கும். குறுக்கே அடித்தால் சாயும் பக்கம் சற்று இழுக்கும்.

சாய்வை அறிய இரண்டு வழிகள் உண்டு. பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது புல் பளபளத்தால் அது உங்களைவிட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். மங்கிக் கரும்பச்சையாகத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இரண்டாவது வழி எனக்கு அதிகம் கைகொடுப்பது: குழியருகே குனிந்து அதன் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் கத்தியால் அறுத்ததுபோல் பச்சையாக, ஒழுங்காக இருக்கும். எதிர்ப்பக்கத்தில் வேரறுந்த நுனிகள் பழுப்பேறி, விளிம்பு பிசிறடித்திருக்கும். பிசிறடித்த பக்கம் நோக்கியே புல் சாய்கிறது. காலையில் புதிதாக வெட்டிய குழியில் இது தெரியாது. பிற்பகலில் நன்றாகத் தெரியும். கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சோதித்துப் பார்ப்பதற்காகப் புல்லைக் கையால் தேய்ப்பதும் பந்தை உருட்டிப் பார்ப்பதும் விதிக்கு மாறானவை.

கோடையில் காலைப் பனி ஈரத்தில் கிரீன் மெதுவாக இருக்கும், உலர்ந்ததும் வேகம் கூடும், மாலைக்குள் புல் வளர்ந்து மீண்டும் குறையும். ஒரே ஆட்டத்துக்குள் மூன்று வேகங்களைச் சந்திக்க நேரலாம்.

ஜோகன்னஸ்பர்க்கில் ஆடும்போது என் பட்டுகள் எல்லாம் தாண்டி ஓடுகின்றன. உயரத்தினாலா?

உயரத்தால் காற்று மெலிந்து, பறக்கும் பந்து அதிகத் தூரம் போகும். தரையில் உருளும் பட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மேட்டுநிலப் பகுதியின் கிரீன்களில் பெரும்பாலும் பென்ட் என்னும் மெல்லிய புல் வகை போடப்பட்டிருக்கும். அது நிமிர்ந்து வளர்வதால் சாய்வின் பாதிப்பு குறைவு, பரப்பு வழுவழுப்பு. அங்கே சரிவை மட்டும் நம்புங்கள், பின்னிழுப்பைக் குறையுங்கள்.

விலையுயர்ந்த புதிய பட்டர் வாங்கினால் உதவுமா?

நீளம் உங்கள் உயரத்துக்குப் பொருந்தினால் பழைய பட்டரே போதும். நீளம் அதிகமான மட்டையை வைத்துக்கொண்டு முழங்கையை மடக்கி நிற்பவர்கள் பலர். அதைக் கடையில் கொடுத்து வெட்டிக்கொள்வது புதிதாக வாங்குவதைவிட மிக மலிவு. தேய்ந்த பிடியுறையை மாற்றுங்கள். மீதிப் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுப்பது நல்லது.

கொடிக்கம்பை எடுக்க வேண்டுமா? கிரீனில் வேறு எந்த விதிகளைத் தெரிந்திருக்க வேண்டும்?

2019-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி கொடிக்கம்பைக் குழியிலேயே விட்டுவிட்டுப் பட் அடிக்கலாம். பந்து கம்பில் பட்டாலும் தண்டம் இல்லை. நீண்ட பட்டுகளில் கம்பு தூரத்தை உணர்த்துவதால் நான் விட்டுவிடுகிறேன். குட்டைப் பட்டுகளில் எடுத்துவிடுகிறேன். அதே விதிகள் காலணித் தடங்களைச் சரிசெய்யவும் இடம் தந்தன. கிரீனில் பந்து கைதவறி நகர்ந்துவிட்டால் தண்டமின்றிப் பழைய இடத்தில் வைக்கலாம். பந்து குழியின் விளிம்பில் தொங்கி நின்றால், நியாயமான நேரத்தில் குழியருகே நடந்து சென்ற பின் பத்து நொடிகள் மட்டுமே காத்திருக்கலாம். நீங்கள் நிற்கத் தொடங்கியதும் கேடி உங்கள் பின்னால் நின்று குறிபார்த்துச் சொல்வது இப்போது கூடாது. பழைய பழக்கம் உள்ளவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

உங்கள் பந்தை எடுத்துவிட்டு அதன் இடத்தைக் குறிக்க வைத்த நாணயம் அடுத்தவர் கோட்டில் கிடந்தால் பட்டர் தலையின் அளவுக்கு நகர்த்தி வைப்போம் அல்லவா? திரும்ப வைக்க மறக்காதீர்கள். 1957-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் கடைசிக் கிரீனில் பாபி லாக் போன்ற ஒருவரே அதை மறந்து, நகர்த்திய இடத்திலிருந்தே ஆடி முடித்தார். மூன்று அடி முன்னணியில் இருந்ததால் அதனால் அவருக்கு ஆதாயம் இல்லை என்று கருதி, அவருடைய வெற்றியைக் குழுவினர் நிலைநிறுத்தினார்கள். எல்லாருக்கும் அந்தச் சலுகை கிடைக்காது. நகர்த்தியவுடன் பட்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். திருப்பிப் பிடிக்கப் போகும்போது நினைவு வந்துவிடும்.

குட்டைப் பட்டின்போது கை வெட்டி இழுக்கிறது. அடிக்கவே பயமாக இருக்கிறது. இதற்கு மருந்து உண்டா?

இது கோழைத்தனம் அன்று. பலரும் வெளியே சொல்லாமல் அனுபவிக்கும் துன்பம். மாஸ்டர்ஸ் என்னும் பெரும்போட்டியில் இருமுறை பட்டம் வென்ற பெர்ன்ஹார்ட் லாங்கரே இதனால் பலமுறை தவித்து, ஒவ்வொரு முறையும் பிடியை மாற்றி மீண்டு வந்தவர். முதல் வழி அதுவே: பழகிய அசைவை மூளை மறக்கும்படி வேறு பிடிக்கு மாறுங்கள். இடக்கை கீழே வைப்பதையோ, வலக்கை விரல்களை மட்டையின் மேல் நகம்போல் படியவைப்பதையோ முயலுங்கள். நீண்ட மட்டையை மார்பிலோ வயிற்றிலோ ஊன்றி ஆடுவது 2016 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. இரண்டாவது வழி, பந்தைப் பார்க்காமல் குழியையே பார்த்துக்கொண்டு அடிப்பது. எனக்கே ஒரு குளிர்காலம் முழுதும் இந்த நடுக்கம் இருந்தது. முக்கால் மீட்டரில் கை உறைந்து நிற்கும். குழியைப் பார்த்து அடித்த முதல் நாளில்தான் கை தானாக நகர்ந்தது. நண்பர்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: அந்த நேரத்தில் அறிவுரை சொல்லாதீர்கள்.

மைதானத்துக்கு வாரம் ஒருமுறைதான் போக முடிகிறது. வீட்டில் என்ன செய்யலாம்?

வீட்டு நடைபாதையில் முடி குட்டையான கம்பளம் இரண்டு மீட்டர் இருந்தால் போதும். குழிக்குப் பதிலாக ஐந்து ராண்ட் நாணயம் ஒன்றைச் சுவரோரம் வைத்து, பந்து அதன் மேல் ஏறி ஓடும்படி அடியுங்கள். நாணயத்தைக் குறிவைத்துப் பழகிய கண்ணுக்குச் சனிக்கிழமை குழி அகலமாகத் தெரியும். தினமும் பத்து நிமிடம் போதும். ஞாயிறன்று சேர்த்து ஒரு மணி நேரம் என்பது அதற்கு ஈடாகாது. பிள்ளைகளையும் கூட்டுங்கள். அவர்களுக்குப் பிடி, நிலை எதையும் சொல்லித்தர வேண்டாம். நாணயத்தைக் காட்டி மட்டையைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் நாணயத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பதையும், ஓடிய பந்தைத் திருத்தி அடுத்ததை மெல்ல உருட்டுவதையும் அருகில் உட்கார்ந்து பாருங்கள்.